இரவல் கருவி எத்தனை நாளுக்கு?

தமிழ் கணினியில் ஏறிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். மாநாடுகள் கூட்டுகிறோம், மலர்கள் வெளியிடுகிறோம், கலைச்சொற் பட்டியல்களைத் தொகுத்து ஒருவர்க்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறோம். இவையெல்லாம் வேண்டா என்பார் எவருமிலர். ஆயினும் ஒரு வினாவை மட்டும் எவரும் எழுப்பக் காணோம். அந்தக் கணினியில் தமிழை இயக்கும் கருவிகளைச் செய்வோர் யார்? செய்தபின் அவற்றைப் பேணுவோர் யார்? நாளை அவை பழுதுபட்டால் திறந்து பார்த்துத் திருத்தும் கை நம்மிடம் உண்டா?

நிரல் எழுதத் தெரிந்த சிலர்க்கு மட்டுமே உரிய செய்தி இஃது என்று தமிழாசிரியர் தள்ளிவிடலாகாது. இதுகாறும் அவ்வாறு தள்ளிவந்ததன் விளைவைத்தான் நாம் இன்று துய்த்துக்கொண்டிருக்கிறோம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக, நம் மொழியின் அன்றாடப் புழக்கம் முழுவதையும் பிறர் தரும் கருவிகளின்மேல் ஏற்றிவிட்டு, அக்கருவிகள் எப்படிப் பிறக்கின்றன என்றும் அறியாமல் இருக்கிறோம்.

கருவிகளைச் செய்யும் கருவி

மாந்தர் படித்து விளங்கிக்கொள்ளும்படி எழுதப்படுவது மூலநிரல். கணினிக்கு விளங்குவதோ எண்களாலான கட்டளை. முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒவ்வோர் அடியாக நடத்தி, அதன் உள்ளே அந்த நொடியில் எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவது வழுநீக்கி. வங்கியின் கணக்கும், மருத்துவமனையின் பதிவும், நம் கைப்பேசியின் தமிழ்த் தட்டச்சும் ஏதோ ஒரு தொகுப்பியின் வழியே பிறந்தவை. ஏதோ ஒரு வழுநீக்கியின் துணையால் பிழை களையப்பட்டவை. கொல்லன் உலைக்கூடம் இல்லாத ஊரில் அரிவாளும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. கணினி உலகின் உலைக்கூடம் இவ்விரண்டுமே.

இந்த உலைக்கூடத்தின் கதவு இன்று எவர்க்கும் திறந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் வழுநீக்கியாகிய ஜி.டி.பி. 1986இலும், தொகுப்பியாகிய ஜி.சி.சி. 1987இலும் வெளிவந்தன. 1989இல் வந்த குனூ பொது உரிமம், அவற்றை எவரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்று உறுதி செய்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவை உயிரோடு இருக்கின்றன. காரணம் என்ன? மூலநிரல் பொதுவில் இருக்கிறது. அதனைப் பேணும் கைகள் தலைமுறைதோறும் மாறி மாறி வருகின்றன. 1997இல் ஜி.சி.சி.யின் வளர்ச்சி மந்தமாயிற்று என்று கருதிய சிலர், அம்மூலத்தை எடுத்துத் தனியே வளர்த்தனர். 1999இல் அவர்களுடைய வடிவமே முதன்மை வடிவமாக ஏற்கப்பட்டது. மூலம் பொதுவில் இருந்தமையால் வந்த வலிமை அது. பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் அந்தக் கருவி அன்றே துருப்பிடித்திருக்கும்.

இத்தகைய மென்பொருளைப் பெற இரு வழிகள் உண்டு. எவரோ தொகுத்து முடித்த ஆயத்தப் பொதியை இறக்கிக்கொள்வது ஒன்று. மூலநிரலை எடுத்து, நம் கணினிக்கு ஏற்றவாறு அமைத்து, நாமே தொகுத்து, நிறுவிக்கொள்வது மற்றொன்று. இரண்டாம் வழியில் ஜி.சி.சி.யைக் கட்டும் முறை ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. முதலில், ஏற்கெனவே கணினியில் உள்ள ஒரு பழைய தொகுப்பி, புதியதன் மூலநிரலைத் தொகுக்கிறது. அவ்வாறு பிறந்த முதற்பிறப்பு, அதே மூலநிரலை மீண்டும் தொகுத்து இரண்டாவதைப் பிறப்பிக்கிறது. இரண்டாவது மூன்றாவதைப் பிறப்பிக்கிறது. பின் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். இரண்டும் ஒத்திருந்தால்தான் அது தேறியது. வேறுபட்டால் எங்கோ பிழை. ஆசிரியர் கற்பித்த மாணவன் ஆசிரியனாகி, அவன் கற்பித்த மாணவனும் அதே பாடத்தைப் பிழையின்றிச் சொல்வானாயின் அன்றோ முதலாசிரியரின் பயிற்சி தேறியதாகும்? இந்தச் சோதனையை நம் பயிற்சிக் கழகங்கள் தம்மேல் வைத்துப் பார்க்கலாம்.

'ஆயத்தமாகக் கிடைக்கிறதே' என்பார்க்கு

ஆயத்தப் பொதி இருக்க நாமே கட்டுவானேன் என்பது முதல் மறுப்பு. சோறு கடையில் கிடைக்கிறது என்பதனால் உழவைக் கைவிட்ட நாடு எதுவும் உண்டா?

யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவரான கென் தாம்சன், 1984இல் வெளியான தம் டூரிங் விருதுரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கடவுச்சொல் கேட்கும் நிரலைத் தொகுக்கும்போது கள்ளக் கதவொன்றை அதனுள் நுழைத்துவிடும்படி ஒரு தொகுப்பியை மாற்றிவிடலாம். அந்தத் தொகுப்பி தன்னைத்தானே தொகுக்கும்போதும் அதே சூழ்ச்சியைத் தன் வாரிசுக்குள் நுழைத்துவிடும். அதன்பின் மூலநிரலில் சூழ்ச்சியின் சுவடே இராது; படிப்பவர் கண்ணுக்கு எல்லாம் தூய்மையாகவே தோன்றும். ஆக, மூலத்தைப் படித்தால் மட்டும் போதாது. அதனை எதைக்கொண்டு தொகுத்தோம் என்பதையும் அறியவேண்டும். இதற்கு மாற்றாக, வேறிடத்தில் பிறந்த மற்றொரு தொகுப்பியைக் கொண்டும் தொகுத்து விளைவுகளை ஒப்பிடும் முறை பின்னர் வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எல்.வி.எம். போன்ற வேறு கருவிகளும் இருப்பதனால் இன்று அவ்வொப்பீடு இயலும். ஒரே கடையை நம்பியிருப்பார்க்கு அது இயலாது.

இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவார் 2024 மார்ச்சில் நிகழ்ந்ததைக் கேட்கவேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருள், உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் உள்ளது. நெடுங்காலம் அதனைப் பேணியவர் ஏறத்தாழ ஒருவரே. ஊதியமின்றிச் செய்து களைத்துப்போனவர். உதவ வந்தவர்போல நடித்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை பெற்று, இறுதியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். அதனைத் திறந்துவிடும் கட்டளை, பலர் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர், கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, ஆய்கருவிகளைக் கொண்டு தோண்டிப் பார்த்ததனால் அது வெளிப்பட்டது. அரை நொடி! கருவியோடு நாள்தோறும் பழகிய கைக்கே அந்த அரை நொடி உறுத்தும். நம் மாணவர் எவரும் நாளையே அத்தகைய கள்வனைப் பிடிக்கப்போவதில்லை. ஆயினும் பிடிக்கும் கை வானத்திலிருந்து விழுவதில்லை. அதுவும் எங்கோ ஒரு வகுப்பறையில் பழக்கப்பட்ட கைதான்.

பேராக் மண்ணின் பாடம்

இரவல் கருவியின் இழிவை மற்றவர் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்குகிறது இம்மாநிலத்தில் நம் வரலாற்றின் பெரும்பகுதி. மரத்தைச் சீவியவர் நம்மவர். பாலைச் சுமந்தவர் நம்மவர். நிலமோ, விதையோ, ஆலையோ, விலையோ நம்முடையதாய் இருக்கவில்லை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே சொந்தம். 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையோடு வீடும் போயிற்று. வீட்டோடு பள்ளியும் ஆட்டங்கண்டது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530.

அன்றைய தோட்டப்பள்ளி எதற்காகத் தரப்பட்டது? பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, அதற்குமேல் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதே அன்றைய நிருவாகத்தின் எண்ணம். இன்று 'நம் பிள்ளைகளுக்குச் செயலிகளைத் தட்டத் தெரிந்தால் போதும். அவற்றை ஆக்கும் வித்தை எதற்கு?' என்று சொல்வோர், அந்த நிருவாகத்தின் குரலிலேயே பேசுகிறார்கள் என்பதை உணரவேண்டும். வேறுபாடு ஒன்றே. அன்று அதைச் சொன்னவன் துரை. இன்று சொல்பவர் நம்மவர்.

பிறர் நிலத்தில் கட்டிய வீடு எத்தகையது என்பதை நம் பள்ளிகள் அண்மையிலும் கண்டன. ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ் வகுப்பறைகளுக்கு வந்த ஃப்ராக் மெய்நிகர் கற்றல் தளம் 2019இன் நடுவில் நிறைவுற்றது. பள்ளிகள் வேறொரு நிறுவனத்தின் தளத்துக்குப் பெயர்ந்தன. 2020இல் டெலிமா வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் தளம் மாறும். அதில் எவரையும் குறைகூற இடமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் ஆக்கும் பாடப்பொருள், தளத்தோடு இடம்பெயரும் அகதியாக இருக்கலாமா என்பதே கேள்வி.

இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் துண்டாடலுக்கு என்ன மாற்றுக் கண்டார்? புலம்பலை விட்டுக் கூட்டுறவைக் கையிலெடுத்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்குக்கு உரியவனானான். தனி ஒருவனால் ஒரு மரத்தையும் வாங்க முடியாது; ஆயிரவர் சேர்ந்தபோது தோட்டமே வாங்கப்பட்டது. திறமூல மென்பொருளின் தத்துவமும் இதுவே. தனி ஒருவரால் ஒரு தொகுப்பியைக் காலமெல்லாம் பேண முடியாது. பலர் தம்தம் சிறு பங்கைச் செலுத்தினால் அது பொதுச் சொத்தாக நிற்கும். கூட்டுறவின் அருமையை அறிந்த மக்கள், கணினி என்றதும் மீண்டும் கூலியாகவே நிற்க விரும்புவது என்ன விந்தை!

'ஆங்கிலம் போதுமே' என்பார்க்கு

நிரல்மொழி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கத் தமிழுக்கு அங்கே என்ன வேலை என்பது அடுத்த மறுப்பு. ஆங்கிலம் கற்கவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. கணினிக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும் என்பதைத்தான் மறுக்கிறேன். கணினிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. அவற்றின்மேல் எந்த மொழியைப் போர்த்துகிறோம் என்பது தொகுப்பியை ஆக்குவோர் முடிவு.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைப் பாருங்கள். 2009இலேயே அதைப் பற்றிய ஆய்வுரை வெளியாயிற்று. அதன் மூலநிரலும் பொதுவில் உள்ளது. அச்சிடு என்பதற்கு அங்கே 'பதிப்பி' என்று எழுதவேண்டும். நிபந்தனையை முதலில் கூறி, அதன்பின் 'ஆனால்' என்று இடவேண்டும். 'மதிப்பெண் நாற்பதுக்கு மேல் ஆனால்' என்று நாம் பேசும் ஒழுங்கிலேயே நிரலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். தமிழில் பின்னே வரும். இந்த இலக்கண உண்மையை ஒரு நிரல்மொழியின் வடிவத்துக்குள் வைத்தது சிறு செயலன்று.

உலகப் பொதுக் கருவிகளும் கதவைத் திறந்துள்ளன. 2008இல் வந்த பைத்தான் 3ஆம் பதிப்பு, நிரலில் வரும் பெயர்களைத் தமிழிலேயே எழுத இடந்தந்தது. 2020இல் வெளியான ஜி.சி.சி. 10ஆம் பதிப்பும் ஆங்கிலமல்லாத எழுத்துகளைப் பெயர்களில் நேரடியாக ஏற்கத் தொடங்கியது. சி மொழியில் ஒரு மாணவன் 'கூட்டுத்தொகை' என்று தன் மாறிக்குப் பெயரிடலாம். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னவர் எத்தனை பேர்?

இவையிருந்தும் ஓரிடத்தில் வெட்கித் தலைகுனிய வேண்டியுள்ளது. ஜி.சி.சி. பிழை காணும்போது தரும் செய்திகளைத் தன்னார்வலர்கள் தம்தம் மொழிகளில் பெயர்த்துள்ளனர். பிரெஞ்சு உண்டு, ஜப்பானியம் உண்டு, துருக்கி, வியட்நாம், இந்தோனேசிய மொழிகளும் உண்டு. அந்த வரிசையில் தமிழ் இல்லை. செம்மொழி என்று பறை சாற்றுகிறோம்; ஒரு தொகுப்பி நம் பிள்ளையிடம் அவன் பிழையைத் தமிழில் எடுத்துரைக்க நாம் ஒரு கோப்பை மொழிபெயர்த்துத் தரவில்லை.

'அது பொறியாளர் வேலை' என்பார்க்கு

அது பொறியாளர் வேலை, எமக்கு இலக்கணமும் இலக்கியமுமே தெரியும் என்று தமிழாசிரியர் ஒதுங்குவது மற்றொரு சாக்கு. அந்த இலக்கணம்தான் இங்கே தேவை என்று நான் சொல்கிறேன்.

தொகுப்பியின் பிழைச்செய்தி என்பது என்ன? மாணவன் ஏட்டில் நாம் சிவப்பு மையால் எழுதும் குறிப்பே அது. 'தவறு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் ஆசிரியரிடம் பிள்ளை எதுவும் கற்பதில்லை. எங்கே, எதனால், எப்படித் திருத்துவது என்று எழுதுபவரே ஆசிரியர். ஒரு செயற்கூறு விடை ஒன்றைத் திருப்பித் தரவேண்டியிருக்க, தராமலே முடிந்துவிடுகிறது என்று கொள்வோம். அதனை ஆங்கிலச் சொல்லடுக்கின் நிழலாகப் பெயர்த்தால் எவர்க்கும் விளங்காது. 'விடை தரவேண்டிய செயற்கூறு விடை தராமலே முடிகிறது' என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். இப்படி எழுதத் தமிழாசிரியரைவிடத் தகுதியுடையார் யார்?

மேலும் ஒரு நுட்பம் உண்டு. பிழைச்செய்தியின் நடுவே மாணவன் இட்ட பெயரைக் கணினி தானாகச் செருகும். ஆங்கிலத்தில் பெயர் அப்படியே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது பெயர் உருமாறும். மரம் மரத்தை ஆகும். கண் கண்ணை ஆகும். தொகை தொகையை ஆகும். புணர்ச்சி அறியாத கணினி 'மரம்ஐ' என்று உளறும். 'மரம் என்னும் பெயரை' என்று வாக்கியத்தை அமைத்துவிட்டால், உருபு 'பெயர்' என்பதன்மேல் ஏறும். செருகிய சொல் அப்படியே நிற்கும். எளிய வழிதான். ஆனால் இதனைக் காண்பதற்குப் புணர்ச்சியிலக்கணம் தெரிந்திருக்கவேண்டும்.

வழு, வழாநிலை, வழுவமைதி என்று பாகுபாடு செய்தவர் நம் இலக்கண ஆசிரியர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை எழுவகையாகப் பகுத்தனர். தொகுப்பியும் இதையே செய்கிறது. வழுவற்ற நிரலை ஏற்கிறது, வழுவுள்ளதை மறுக்கிறது, ஐயத்துக்கிடமான சிலவற்றை எச்சரிக்கையோடு அமைத்துக்கொள்கிறது. வழுவமைதியைப் பழங்கதையாக எண்ணும் மாணவனுக்குத் தொகுப்பியின் எச்சரிக்கையைக் காட்டிப் பாடம் நடத்தினால், இலக்கணம் உயிர்பெற்று எழுந்து நிற்கும்.

வழுநீக்கியிலும் தமிழ்ப் பாடம் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் முதலாம் ஆண்டுப் பிள்ளையும் மூன்று என்னும். ஒருங்குறியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அதனை வைத்திருக்கிறது. யு.டி.எஃப். 8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகளாகப் பதினைந்து பைட்டுகள். சி மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை வரும். மொழி அமைவு பொருந்தாத கணினியில் ஜி.டி.பி.யைக் கொண்டு பார்த்தால், தகரத்தின் இடத்தில் 340, 256, 244 என்று மூன்று எண்கள் தோன்றும். நம் எழுத்தைக் கணினி எப்படிக் காண்கிறது என்பதை மாணவன் அன்று கண்கூடாகக் காண்பான். மெய்யும் உயிர்மெய்யும் கணினியில் ஏன் இடறுகின்றன, எழுத்தெண்ணும் நிரல்கள் ஏன் தவறுகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். இதனை அறியாத பொறியாளர் தமிழுக்குக் கருவி செய்தால் கருவி கோணும். இதனை அறியாத தமிழாசிரியர் குறை சொன்னால் அந்தக் குறை எவர் காதிலும் ஏறாது.

ஆக்கலும் காத்தலும்

நம்மவர்க்கு ஆக்கத் தெரியாது என்று நான் கூறவில்லை. இந்நாட்டின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சலைத் தொடங்கி வைத்தார். கைப்பேசிக்குச் செல்லினத்தையும் தந்தார். அத்தகையோர் பலர் உள்ளனர். நம் குறை வேறிடத்தில் உள்ளது. வெளியீட்டு விழாவுக்குத் திரளுகிறோம். அடுத்த பதிப்புக்கு ஆளில்லை. குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா நடத்திவிட்டுப் பாலூட்ட மறந்த குடும்பம் எங்கேனும் உண்டா?

மென்பொருள் கல்வெட்டன்று, அது பனையோலை. கீழே உள்ள அடித்தளம் மாறிக்கொண்டே இருக்கும். பைத்தான் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்தது. அதன்மேல் கட்டிய எதனையும் எவரேனும் 3ஆம் பதிப்புக்குப் பெயர்த்தாலன்றி அது நின்றுபோகும். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. அன்று தட்டச்சிட்ட வினாத்தாள்களும் மலர்க் கட்டுரைகளும், அந்த எழுத்துருவும் மாற்றிக் கருவியும் கைவசம் இல்லாதார்க்கு இன்று வெறும் கிறுக்கல். மூலமும் குறியேற்ற அட்டவணையும் பொதுவில் இருந்தவற்றை மீட்க முடிகிறது. பூட்டிய பெட்டிக்குள் இருந்தவை பெட்டியோடு போயின.

ஓலைச்சுவடியைப் படியெடுக்காது விட்ட தலைமுறையின் குற்றத்தால் எத்தனை நூல்களை இழந்தோம்! உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, பாடபேதங்களை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மூல ஏடுகளைச் சேர்ப்பது, வேறுபாடுகளைக் குறிப்பது, எது சரியான பாடம் என்று ஆய்ந்து முடிவு செய்வது, பின்வருவோர் மேலும் திருத்த இடம் வைப்பது ஆகிய இப்பணிகளையே மூலநிரலைப் பேணுவோரும் நாள்தோறும் செய்கின்றனர். பதிப்பாசிரியர் மரபில் வந்த நமக்கு இஃது அயல்தொழில் ஆகாது.

செய்யத்தக்கவை

நேரம் இல்லை, பணம் இல்லை என்பது கடைசி மறுப்பு. தலைமையாசிரியர் மேசையில் எத்தனை கோப்புகள் குவியும் என்பதை நானும் அறிவேன். ஆகவே மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை.

முதலாவது, சிறியதில் தொடங்குவோம். ஜி.சி.சி.யைப் பழைய கணினியில் கட்டப் பல மணி நேரம் ஆகும். ஃபாப்ரிசு பெல்லார் ஆக்கிய டி.சி.சி. என்னும் சிறு தொகுப்பியை மிக விரைவில் கட்டிவிடலாம். அது தன்னைத்தானே தொகுக்கவும் வல்லது. ஆக்கியவர் அதனை விட்டு விலகியபின் பிறர் பேணிவருகின்றனர் என்பதும் மாணவர்க்குச் சொல்லத்தக்க பாடம். ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு கணினியும் இலவசமான லினக்ஸும் இதற்குப் போதும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் வண்ணக் கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் பிள்ளைக்கு, அக்கட்டைகளுக்கு அடியில் என்ன உள்ளது என்று ஒருமுறையேனும் காட்டுவோம்.

இரண்டாவது, மாவட்டத்துக்கு ஒரு பேணுநர் குழு. கிந்தா, கோலகங்சார், பாத்தாங் பாடாங் என ஒவ்வொரு மாவட்டத்திலும் தமிழாசிரியர் இருவர், கணினி அறிந்த முன்னாள் மாணவர் இருவர் போதும். எழில் போன்ற ஒரு தமிழ்க் கருவியைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு பதிப்பையும் மூலத்திலிருந்து கட்டிப் பார்த்து, கண்ட பிழையைத் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதி, ஆக்கியோர்க்கு அறிவிக்கவேண்டும். ஒழுங்காக எழுதிய பிழையறிக்கை ஒன்று, மேடையில் பேசிய நூறு பாராட்டுரைகளினும் பெறுமதி மிக்கது.

மூன்றாவது, ஆசிரியர் பயிற்சி. ஈப்போவில் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழ் பயிலும் மாணவர் செயலாய்வுக்குத் தலைப்புத் தேடித் திண்டாடுகின்றனர். பிழைச்செய்திகளைத் தமிழாக்குவதும், அவற்றைப் பிள்ளைகளிடம் வைத்துச் சோதிப்பதும் ஆய்வாகாதா? ஆண்டுக்கு ஐம்பது செய்திகள் பெயர்த்தாலும் பத்தாண்டில் ஐந்நூறாகும். முழுமையும் முடியாது போகலாம். வரிசையில் தமிழ் இடம்பெற்றிருக்கும்.

நான்காவது, எழுத்தாளர் சங்கங்கள். வெளியீட்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பேணுதலுக்கு ஒதுக்குங்கள். ஒரு கருவியை ஐந்தாண்டு இடைவிடாது பேணியவர்க்கு, புதிதாக ஆக்கியவர்க்குத் தரும் அதே சிறப்பைத் தாருங்கள். எக்ஸ்.இசட். கதையில் கள்வன் நுழைந்தது களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமை வழியாக என்பதை மறவாதீர்கள்.

தமிழாசிரியப் பெருமக்களே! மாணவச் செல்வங்களே! பால் மரத்தைச் சீவியவன் தன் கத்தியைத் தானே தீட்டிக்கொண்டான். மழுங்கிய கத்தியால் சீவினால் பட்டை காயப்படும், மரம் கெடும் என்பதை அவன் அறிவான். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டனுக்குத் தன் கருவியின் கூர்மை தன் பொறுப்பு என்று தெரிந்திருந்தது. பட்டமும் பயிற்சியும் பெற்ற நமக்குத் தெரியவேண்டாமா? மூலநிரல் திறந்து கிடக்கிறது. உரிமம் நமக்கு இடந்தருகிறது. இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. இனி வேண்டுவது உழைப்பு ஒன்றே. அதற்கு அஞ்சிய இனம் நாம் அல்லோம்.